வழிமொழிய ஒரு கை

புதன், இரவு.

இன்று கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தலைவர் தெரிவு. நான் செயலாளர். வழமைபோலக் கூட்ட அறிக்கையை நேற்றே எழுதி வைத்துவிட்டேன்: பழைய தலைவர் ஏகமனதாகத் தெரிவானார்.

ஆனால் சரோஜாக்கா எழுந்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களில் இதுவரை ஒருவரும் போட்டியிட்டதில்லை.

"நானும் தலைவருக்கு நிக்கிறன். ஆராவது ஒராள் வழிமொழியுங்கோ."

தலைவர் கதிரையில் இருந்தபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் காணிகளுக்கு இன்னும் பத்திரம் இல்லை. விண்ணப்பிக்க அவருடைய கடிதம் வேண்டும். ஒரு கையும் உயரவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஒருத்தரும் இல்லைத்தானே? எழுதும், தம்பி," என்றார் தலைவர்.

அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.