செம்புத் தண்ணீர்

ஐப்பசி 12, புதன்.

மூன்று நாளாக வேலைக்கு வராத முத்துமாரியைப் பார்க்க அவள் ஊருக்கே போனேன். காலண்டர் சீசன், அச்சகத்தில் ஆள் போதவில்லை. அவள் கையெல்லாம் சொறி. கண்மாயில் குளித்ததிலிருந்து இப்படி என்றாள். எங்கள் அச்சகத்தில் ரோலர் கழுவும் மைத்தண்ணீர் ஓடை வழியாக அந்தக் கண்மாய்க்குத்தான் போகிறது. குழாயை ஓடைப் பக்கம் திருப்பச் சொன்ன சூப்பர்வைசர் நான்தான்.

ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினாள். தாகமில்லை என்றேன்.

"பயப்படாம குடிங்க அண்ணாச்சி. கம்மாக்கரை போர் தண்ணி எங்களுக்குத்தான். வாரேன்னு போன் பண்ணீகள்ல, உங்களுக்குன்னு கேன் தண்ணி வாங்கி வச்சேன்."

தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, நாளைக்கு வேலைக்கு வருவாயா என்றும் கேட்டேன்.