ஐந்து மணி எக்காளமும் ஓர் அட்டைப்பெட்டியும்

மார்ச் 3, திங்கள்

ராணுவச் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு மலைகளை வென்றடக்கிய மாவீரன், ஓய்வுபெற்ற சார்ஜென்ட், இன்று அமெரிக்கப் படைமுகாமின் பள்ளியில் நூலக உதவியாளன் – வெண்டல் ஆகிய நான் மதியம் மூன்று சாசேஜ் தின்றேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

வாஷிங்டனிலிருந்து ஆணை. இனம், ஆண் பெண் பேதம் பற்றிய புத்தகங்களை அலமாரியிலிருந்து அகற்ற வேண்டுமாம். பட்டியல் நாளை வரும் என்றார் தலைமையாசிரியை. நான் பட்டியலுக்குக் காத்திருப்பவனா? சந்தேகப்பட்டதையெல்லாம் மாலைக்குள் பெட்டியில் அடைத்துவிட்டேன். பழைய ராணுவக் கை.

மார்ச் 4

பட்டியல் வந்தது. நான் அடைத்ததில் பாதி அதில் இல்லை. கறுப்பினப் பெண் விமானிகளைப் பற்றிய புத்தகமும் இல்லை.

தலைமையாசிரியை, "எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும். திருப்பி வெச்சா ஏன்னு கேப்பாங்க" என்றார். தலையாட்டினேன்.

என் தங்கை யோலாண்டா ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள், இப்போது வளைகுடாவில். அவள் மகள் டெஸ்ஸா என்னோடு இருக்கிறாள். அந்தப் புத்தகத்தில் பாதி படித்திருந்தாளாம்.

"யார் மாமா எடுத்தது?"

"மேலிடம்" என்றேன். நாக்கு கூசவில்லையே!

மார்ச் 6

டெஸ்ஸா தோழிகளோடு எதிர்ப்புக் கையெழுத்து வாங்குகிறாள். "உங்கம்மா வேலைக்கு உலை வெக்காதடி" என்று கத்தினேன். எந்த வேலைக்குப் பயந்தேன்? அவளுடையதற்கா, என்னுடையதற்கா?

மார்ச் 7

மைதானம் வழியாகப் பெட்டியைக் கிடங்குக்குச் சுமந்துபோனேன். எதிரே புல்வெளியில் பிள்ளைகள் எதிர்ப்பு அட்டைகளோடு கூடியிருந்தார்கள். அப்போதுதான் ஐந்து மணி எக்காளம். கொடி இறங்கும்வரை இந்த முகாமில் எறும்புகூட நகராது. பெட்டியைக் கீழே வைத்து, நெஞ்சில் கைவைத்து நின்றேன். காற்று மூடியைத் தூக்கியது. மேலாக அந்த விமானிகள். நேரெதிரே, அவளும் நெஞ்சில் கைவைத்தபடி, டெஸ்ஸா. ஓடவும் முடியாது, மூடவும் முடியாது. அந்த இசை ஒன்பது யுகங்கள் ஒலித்தது.

முடிந்ததும் அருகில் வந்தாள். "மேலிடம் நல்லா உயரமாத்தான் இருக்கு, மாமா."

மார்ச் 8

புழுக்களே, உங்கள் இனத்தில் இடமுண்டா?

மார்ச் 9

யோலாண்டா அழைத்தாள். எல்லாம் சொன்னேன்.

"என் வேலைய நான் பாத்துக்கறேன் அண்ணா. நான் என்ன வேலை பாக்கறேன்னு எம்பொண்ணு படிக்கக் கூடாதா? அதுவும் உன் கையால?"

இதற்கு அவள் என்னைத் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 11

பெற்றோர் கூட்டம். எழுந்தேன். நாற்காலி கிரீச்சிட்ட சத்தத்தில் ஆல்ப்ஸ் மலைப்பனி சரிந்திருக்கும். "பட்டியல்ல இல்லாததையும் எடுத்தவன் நான். பட்டியலே தப்பு. நம்ம பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. எல்லாத்தையும் திருப்பி வைங்க." யாரோ ஒருவர் கை தட்டினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நேற்றுவரை நான் பார்த்த அதே தரை.

நாளை முதல் வரவேண்டாம் என்றார் தலைமையாசிரியை.

மார்ச் 14

விமானிகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டார்களாம். பட்டியலில் இருந்தவை இன்னும் கிடங்கில்.

மாலை பள்ளி வேலிக்கு வெளியே நின்றேன். எக்காளம் ஒலித்தது. டெஸ்ஸா வந்து பக்கத்தில் நின்றாள், கொடியைப் பார்த்தபடி. இசை ஓய்ந்ததும் தன் எதிர்ப்பு அட்டையை என் கையில் திணித்தாள்.

"தூக்கிப் பிடிங்க. உயரமா இருக்கீங்கல்ல."