எந்த மருந்து வாங்குவது என்று கேட்டிருந்தாய்

786
சிதம்பரம்
14-7-1963

அன்பு மகன் ரஃபியுதீனுக்கு உன் அம்மா சலீமா பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன், உன் தங்கை மலிகாவும் உயிரோடு இருக்கிறாள், பினாங்கில் நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போன சனிக்கிழமை உன் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கிறேன், ரூமிலேயே பிலிம் கழுவ ஆசை, என்னென்ன மருந்து வாங்கலாம் என்று ஒன்று. மலிகாவை மாப்பிள்ளையோடு அனுசரித்துப் போகச் சொல்லுங்கள், அவருடைய மாமா கடையில்தான் எனக்கு வேலை என்பதை மறக்க வேண்டாம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

மெட்டால் வாங்கு, ஹைட்ரோகுவினோன் வாங்கு, பிலிமில் படத்தை எழுப்புவது இவைதான். கூடவே சல்பைட் வேண்டும், அது இல்லாவிட்டால் கலந்து வைத்த மருந்து அரை நாளில் காப்பித்தண்ணி நிறத்துக்குப் போய்விடும். சோடா என்று கேட்டால் கடைக்காரன் காஸ்டிக் சோடாவைத் தள்ளிவிடுவான், விரல் வெந்துபோகும், நம் வீட்டுச் சலவைச் சோடாவே போதும். அசெட்டிக் ஆசிட்டில் தண்ணீர் கலந்ததை வாங்கு, கிளேசியல் என்று போட்டிருக்கும் புட்டியை வாங்காதே, அது தண்ணீர் கலக்காத முழு ஆசிட், பட்ட இடம் வெந்துவிடும். கடைசியில் படம் அழியாமல் நிற்க ஹைப்போ. இதில் யோசித்துச் செய்ய வேண்டியது மெட்டாலா ஹைட்ரோகுவினோனா என்பது ஒன்றுதான். மெட்டால் மட்டும் போட்டால் படம் மிருதுவாக வரும், முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தாலும் அமுங்கிவிடும். ஹைட்ரோகுவினோன் அப்படியில்லை, கறுப்பை நல்ல கறுப்பாக்கும், தோலில் இருக்கிற ஒன்றையும் விடாது. நம் பெண்களின் படத்தை அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று உன் அத்தா கடலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்திலேயே அந்த பிலிமையெல்லாம் என்னிடம்தான் கழுவக் கொடுப்பார். அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகும் லால்பேட்டை வரைக்கும் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இருபது வருஷமாக மணப்பெண்களுக்கு மெட்டாலைத் தவிர வேறு தொட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் இப்போது என் பெண்ணைக் கெடுக்கப் பார்த்தது.

திங்கட்கிழமை மலிகா கடலூரிலிருந்து பகல் ரயிலில் தனியாக வந்து இறங்கினாள். போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்துப் பார்த்தேன், முதுகில் நல்ல இடம் இல்லை. அவள் புருஷன் கிபாயத்துல்லா, இனி அவனை மாப்பிள்ளை என்று எழுத மாட்டேன், பெல்ட்டால் அடித்திருக்கிறான். நிக்காஹுக்கு நீ அனுப்பினாயே அந்த அகலமான பச்சை பெல்ட்தான், பித்தளைக் கொக்கி சதுரம் சதுரமாகத் தோலில் பதிந்திருந்தது. அத்தாவின் தம்பி, உன் சின்னத்தா அப்துல் ஹக் உடனே ஜமாஅத்துக்குப் போய் மலிகாவுக்குக் குலா வாங்கித் தாருங்கள், இவனிடமிருந்து விடுவித்து விடுங்கள் என்று கேட்டார். கூப்பிட்டு விசாரித்தால் அவன், படிக்கட்டுல வுழுந்துட்டா, நான் தொடவே இல்ல, பெண்ணாடம் மில்லுல எனக்கு வேலை ஜாஸ்தியா கெடக்கு, ஒரு மாசம் டைம் குடுங்கன்னு சொல்லி வாய்தா வாங்கிவிட்டான். ஒரு மாசத்தில் தழும்பெல்லாம் ஆறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஜமாஅத்துக்குத் தலைவரான முத்தவல்லி வீட்டு அம்மாதான் எனக்குச் சொல்லியனுப்பினார், பொம்பள முதுக ஆம்பளைங்க பாக்க முடியாது, நான் பாத்துச் சொல்றேன், ஆனா ஒரு மாசம் கழிச்சு நான் என்னத்தப் பாக்கறது, இப்பவே படமா புடிச்சு வெச்சிடுங்க என்று.

வியாழக்கிழமை படமெடுத்தேன். அழுதுகொண்டே எடுத்தேன், அழுதுகொண்டே சாமான் அறைக்குள் போய்க் கழுவினேன். கை தானாக மெட்டால் புட்டிக்குப் போயிருக்கிறது. பிலிமும் நிக்காஹுக்குப் போடுகிற சாதாரண பிலிம், அதில் சிவப்பு வெளுத்துத்தான் விழும். காயவைத்துப் பார்த்தால் பெண்ணின் முதுகு மணப்பெண் முதுகு மாதிரி வழவழவென்று வந்திருக்கிறது. அவன் செய்ததையெல்லாம் நானே துடைத்துக் கொடுத்தது மாதிரி. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டேன் ரஃபி, நெற்றி வீக்கம் இன்னும் இருக்கிறது.

படமெடுத்தது எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம், தெருவில் ஆண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்து வந்தான். தொழப் போகாமல் அடிக்க வந்தவனை என்னவென்று சொல்வது. கதவை உதைத்துத் திறந்து மலிகாவின் தலைமுடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்துப் போட்டு அதே பெல்ட்டால் அடித்தான். தடுத்த அவள் கையில் கொக்கி விழுந்து மணிக்கட்டு கிழிந்து ரத்தம் கொட்டியது. நடுவில் விழுந்த என்னை நெஞ்சில் உதைத்தான். அப்புறம் சாமான் அறைக்குள் புகுந்து கொடியில் தொங்கிய பிலிமைப் பிடுங்கிக் கசக்கி மிதித்தான், புட்டிகளை எடுத்துத் தரையில் அடித்தான், மெட்டால் புட்டியும் போயிற்று. திரும்பவும் மலிகா பக்கம் போனான். உனக்கு வாங்காதே என்று மேலே எழுதினேனே அந்த கிளேசியல் புட்டி அடித்தட்டில் இருந்தது. மூடியைத் திறந்து அவன் வலது கையில் ஊற்றினேன். கை தவறி விழுந்தது என்று எழுத மாட்டேன், ஊற்றினேன். முழங்கை வரைக்கும் வெந்து மாடு மாதிரி கத்திக்கொண்டு தெருவில் ஓடினான். எனக்கு இதுவரைக்கும் வருத்தம் வரவில்லை, வந்தால் தவ்பா செய்துகொள்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அத்தாவின் டப்பாவில் ஆர்த்தோ என்கிற பழைய வகை பிலிம் ஒரு சுருள் மிச்சம் இருந்தது, அதில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். ரத்தத்தைக் கழுவாமல், காயத்துக்கு மஞ்சள்கூட வைக்காமல் மலிகாவை முற்றத்து வெயிலில் உட்காரவைத்து எட்டுப் படம் எடுத்தேன். அம்மா, மொதல்ல தண்ணி குடும்மா என்றாள். அசையாதே என்று அதட்டினேன். பெற்றவள் செய்கிற காரியமா இது. உடையாமல் கிடந்த ஹைட்ரோகுவினோன் டின்னை எடுத்து, சல்பைட்டும் அடுக்களைச் சலவைச் சோடாவும் கலந்து, சிவப்பு விளக்கில் பார்த்துப் பார்த்துக் கழுவினேன். ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு கோடாக வந்தது, எண்ணிப் பார்க்கலாம். முத்தவல்லி வீட்டு அம்மா நேற்று வந்து பார்த்தார், விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணிவிட்டு, வீட்டில் சொல்கிறேன் என்று போனார்.

இன்று காலையில் மலிகா ஒன்று சொன்னாள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும், ஒங்கண்ணன் சோறு திங்கிறது எங்க மாமா கடையில, யாருகிட்ட வேணா போய்ச் சொல்லுடி என்பானாம். இதற்கு முன் இரண்டு தடவை அவள் வந்தபோது உன் வேலையை நினைத்து நான்தான் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பாவத்தில் பாதி எனக்கு, மறுக்கவில்லை.

இப்போது முத்தவல்லி, அத்தா இல்லாத பொண்ணு, அண்ணன்காரன் எழுத்து வேணும், அவரு சம்மதிச்சா குலா முடிச்சிடலாம் என்கிறார். நீயே எழுது என்று சின்னத்தாவைக் கேட்டேன். அவ அண்ணன் உசுரோட இருக்கும்போது நான் எப்படி அண்ணி கையெழுத்துப் போடறது என்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூடுகிறது. இது கிடைத்த அன்றே விமானத் தபாலில் எழுதினால்தான் நாள் சரியாக இருக்கும். முதுகுப் படத்தை அண்ணனுக்கு அனுப்ப முடியாது, மணிக்கட்டை மட்டும் அச்சுப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்.

உடம்பைப் பார்த்துக்கொள், தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஒன்பதாம் தேதிக்குள் உன் எழுத்து வராவிட்டால் நான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜமாஅத் வாசலில் போய் நின்று, என் மகன் பினாங்கில் மௌத்தாகிவிட்டான், இனி சின்னத்தாதான் பொறுப்பு என்று சொல்லிவிடுவேன். அதை நான் பொய் என்று நினைக்க மாட்டேன்.

துஆவுடன்
உன் அம்மா
சலீமா பீவி