பினாங்கில் இல்லாதவன்

அப்பா, இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண் அசந்தாள். அவள் துணிகளை வைக்க உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில் நான்கு சீமைச் சோப்புகள், காகிதம் பிரிக்காமல். அந்த வாசனை ஏறியதும் பெட்டியை மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். துக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோபம்.

தம்பிக்குப் பத்தொன்பது வயதில்தானே அது தொடங்கியது? கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். சோற்றில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்றான். தனியாகப் பேசினான். டாக்டரிடம் நானும்தான் வந்தேன். "மாத்திரையைத் தவறாம குடுங்க. ஆனா பையனை மூலையில உக்கார வைக்காதீங்க. கடைக்கு அனுப்புங்க, நாலு பேரோட பழகட்டும்" என்றார். நீங்கள் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

மறுவாரமே தெருவில் சொன்னீர்கள், பையன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்று. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா சொன்னால் ராயபுரத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்? ஆனால் கடலில் இருக்கிறவன் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது. முடிவெட்டப் போக முடியாது. வாசலில் நின்று ஒரு ஊர்வலம் பார்க்க முடியாது. மூன்று வருஷம், அப்பா.

மாலுமிகளிடம் சோப்பு வாங்கிவந்து, மகன் அனுப்பினான் என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பீர்கள். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வாசலில் நின்று கேட்பாள்.

"இன்னா பெரியவரே, புள்ள இப்போ எந்த ஊர்ல கீது?"

"பினாங்கு."

"அங்க வஞ்சிரம் கெடைக்குமா? நம்ம காசிமேட்டு மீன் மாரி வருமா?"

நீங்கள் சிரிப்பீர்கள். ஒருநாள் உள்ளறையில் தம்பி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, நான் பினாங்குலயா இருக்கேன்?"

புத்தி தடுமாறுகிறவனுக்கு நிஜம் எது என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை. பி.ஏ. படித்த நான், "உஷ், சத்தம் போடாதே" என்றேன். அதற்காக என்னையும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் முதலில் நீங்கள்.

உங்களைத் தூக்கிப்போன அன்றுகூடச் சித்தப்பா அவனை உள்ளே வைத்துப் பூட்டினார். "கப்பல்ல இருக்கறவன் எப்படிம்மா திடீர்னு வந்து நிப்பான்? தெரு சிரிக்கும்." பெற்ற மகன் உங்கள் குழியில் ஒரு பிடி மண் போடவில்லை. அன்றே முடிவுசெய்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு அவனுக்கு முகம் மழித்து, உங்கள் சட்டையையே போட்டு, கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போனேன். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லாரும் சூழ்ந்ததும் உரக்கச் சொன்னேன்: "என் தம்பி கப்பலுக்கே போகலை. மனசு சரியில்லைன்னு எங்கப்பா மூணு வருஷம் வீட்ல பூட்டி வெச்சிருந்தார்."

"செத்தவர் மானத்தை வாங்குறியே, நீ நல்லா இருப்பியா?" என்றார் சித்தப்பா.

நன்றாகத்தான் இருந்தது, அப்பா. அத்தனை பேர் முன்னால் உங்கள் பெயர் கீழே விழுவதைப் பார்க்க ருசியாக இருந்தது.

அந்த ருசியையும் கெடுத்தாள் பிலோமினா அக்கா. "இத்த சொல்லத்தான் இம்மாம் சத்தமா? எங்களுக்குத் தெரியாதா இன்னா? அது தனியா பேசிக்கினு இருக்கறது எங்க வூட்டுச் செவுத்துல கேக்கும். பெரியவர் மூஞ்சிக்காவ சோப்ப வாங்கிக்கினு கம்முனு இருந்தோம்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இன்னா கப்பல்காரரே, நாளைக்கு மார்க்கெட்டுக்கு வர்றியா? கூடை தூக்க ஆள் இல்ல."

யாரிடமிருந்து மறைத்தீர்கள்? எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்கவா அவனுடைய மூன்று வருஷத்தைத் தின்றீர்கள்?

இப்போது கூடை தூக்குகிறான். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான். யாராவது "நல்லா கீறியாப்பா?" என்று கேட்டால், பதில் வாய்க்கு வருவதற்குள் கேட்டவர் போய்விடுகிறார். போகிறவரின் முதுகைப் பார்த்து, "நல்லா இருக்கேன்" என்கிறான்.

என் மகள் வெறுமனே எங்கேயோ பார்த்துச் சிரித்தால்கூட, அங்கே யார் என்று நானும் திரும்பிப் பார்க்கிறேன். அவளுக்கு எது வந்தாலும் அவளைக் கப்பலேற்ற மாட்டேன். வருகிற ஞாயிறு அவளுக்கு ஞானஸ்நானம். தம்பிதான் ஞானத்தகப்பன். சித்தப்பா வேண்டாம் என்றார். அதனாலேயே சாமியாரிடம் இவன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் தினமும் காலையில் நிலைப்படியில் நின்றுவிடுகிறான். "அக்கா, நான் வெளிய போலாமா? அப்பா திட்டமாட்டாரா?" திட்டமாட்டார் என்கிறேன். நம்புவதில்லை. என்னை எப்படி நம்புவான்? பிலோமினா அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் கால் நகர்கிறது. ஞாயிறன்று அவள் மார்க்கெட்டில் இருப்பாள்; என் கையில் குழந்தை இருக்கும்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. இது வேறு விஷயம். அவன் காதில் இன்னும் யார் யாரோ பேசுகிறார்கள். அவர்களோடு நீங்களும் வந்து, "போய்ட்டு வா ராசா" என்று ஒரேயொரு முறை சொல்லுங்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அப்பா.