உருண்டைக் கற்கள்

அப்பாவுக்கு, மகள் கபுகோ வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா?

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சின்னதாக ஒரு வெள்ளம். அன்று இங்கே நல்ல வெயில். மழை ருவென்சோரி மலையுச்சியில். ஓடை கால் மணி நேரத்தில் திசைமாறி, எங்கள் குடியிருப்பைப் பிளந்துகொண்டு போய்விட்டது. நான் கொழுந்து பறிக்கப் போயிருந்தேன், பயப்படாதீர்கள். கம்பளி மட்டும் போயிற்று. அம்மா போர்த்திய பழையது ஒன்று அனுப்புங்கள். காய்ச்சலென்று வேலைக்கு வராமல் பக்கத்து அறையில் படுத்திருந்த முகிந்தோவை இன்னும் தேடுகிறார்கள்.

என் அறை இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம், அதன் சுவரெல்லாம் உருண்டைக் கற்கள். என்னோடு கொழுந்து பறிக்கும் பீரா அக்கா ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"தண்ணி உருட்டாம கல்லு இப்படி ஆகுமாடி? இது ஓடையோட பழைய வழி. அதோட வீட்டுல நாம குடியிருந்தோம். வந்து காலி பண்ண வச்சிருச்சு."

தம்பி தெம்போ பெண்வீட்டுக்குப் பரிசமாக ஆடு ஓட்டிப் போவதற்குள் வீடு முடியவேண்டும், ஓடையோரச் சமதளத்தில் குழி தோண்டினால் அஸ்திவாரத்துக்கு வேண்டிய உருண்டைக் கல் அங்கேயே கிடைக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள்.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. அப்பா, குழிகளை மூடிவிடுங்கள். மேட்டில், தோண்டினால் கூர்ங்கல் வரும் இடமாகப் பாருங்கள்.

கபுகோ