வெட்டிய ஆறு நிமிடம்

நேற்று கூரியரில் ஒரு ப்ளூ-ரே வட்டு வந்தது. பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. அட்டையில் நம் படத்தின் தலைப்பு, இயக்கம் என்று உன் பெயர் பெரிதாக, கீழே படத்தொகுப்பு என்று என் பெயர் சின்னதாக. விற்பனைக்கு முன் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடிதம்: பிளாட்பாரக் காட்சியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். இயக்குநர்தான் இல்லையே, எடிட்டரைக் கேளுங்கள் என்று உன் மனைவி செல்வி சொன்னாளாம். அம்பத்தூர் வீட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் உன்னைத்தானே கேட்பேன்?

அந்தக் காட்சியில், மகனை ஏற்றிக்கொண்டு ரயில் போன பிறகு, பட்டாபிராம் பிளாட்பாரத்தில் அந்த அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். வசனமே கிடையாது. ஆறு நிமிடம். உன் அம்மா அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நீ எடுத்தாய். படம் வெளியான இரண்டாம் நாளே நீளம் அதிகம் என்று பேச்சு வந்தது. நீ உன் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். எதை எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் என்னைக் கேட்டார். நான்தான் அந்தக் காட்சியைக் காட்டினேன்.

திரும்பி வந்து, வெட்டியது அவர்தான் என்று நினைத்து அவரைத் திட்டித் தீர்த்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு வீசிடி வந்தது. ஆவடி மார்க்கெட்டில் வாங்கி வந்து என் வீட்டில் போட்டாய். படத்தின் மேல்பக்கம் வெட்டுப்பட்டு ஆட்களுக்கு நெற்றி இல்லை, ஒரு பாட்டைக் காணோம், படம் முழுக்கப் பச்சை. "இத்தான் என் படம்னு ஜனம் நெனச்சிக்கும் மச்சான்" என்றாய். என்றைக்காவது ஒழுங்கான பிரதி வந்தால் அந்தக் காட்சி உள்ளே இருக்கும் என்று அன்றைக்குச் சொன்னதை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய்.

போன வருடம் அந்த நாள் வந்தது. புதுப் பிரதி எடுக்கும் நிறுவனம் உன்னைக் கூப்பிட்டது. நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர்கள் விடிகாலையைப் பட்டப்பகல் ஆக்கியிருந்தார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதை மங்க வைத்தாய். நெகடிவ் டப்பாக்களில் பிளாட்பாரக் காட்சியும் கிடைத்தது. மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாய். நான் திரையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

"நல்லாத்தான் கீது. ஆனா வாணாம் மச்சான்."

என்னிடம் அதைச் சொன்ன நீ, அவர்களிடம் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றாய். உன் முகப்பேர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், வெட்டச் சொன்னது நான்தான் என்று இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று பேச்சை ஆரம்பித்தேன். "உடு மச்சான், பழைய கதை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். தெரிந்து சொன்னாயா, களைப்பில் சொன்னாயா? நான் மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய்.

நேற்று வட்டைப் போட்டேன். படம் ஓட ஓட நீ பேசிப் பதிவு செய்த குரலும் அதில் இருக்கிறது. அந்தப் பதிவுக்கு நான் வரவில்லை. ரயில் போகிறது. உடனே அடுத்த காட்சி. அந்த இடத்தில், "இங்க ஒரு வெட்டு கீது. நல்ல வெட்டு" என்கிறாய். அதோடு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறாய்.

இன்று காலை முகப்பேருக்குப் போய்ச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறேன். உனக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாளாவது வீட்டில் சொல்லியிருப்பாய் என்றாள். சொல்லாமலும் இருந்திருப்பாய் என்று அவளே சொன்னாள். கடைசியில், "இப்ப அதைச் சேர்த்தா, அவருக்காகவா, உங்களுக்காகவாண்ணா?" என்று கேட்டாள்.

நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். படம் வெட்டியபடியே இருக்கட்டும், அந்த ஆறு நிமிடம் வட்டில் தனியாக இருக்கட்டும், அதன் முன்னால் வெட்டியது நான் என்று ஒரு வரி போடுங்கள் என்று. சரியாகச் செய்தேனா, தெரியவில்லை.

நல்ல வெட்டு. ஒரு நேரம் பாராட்டு மாதிரிக் கேட்கிறது. இன்னொரு நேரம் வெட்டுப்பட்டவன் சொல்வது மாதிரி. எத்தனையோ பேர் குரலைக் கேட்டுக் கேட்டு, எது நிஜம் எது நடிப்பு என்று பிரித்தவன் நான். உன் குரலில் இருப்பது எது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை மச்சான்.