வீட்டுக்கு விசாரிக்க வந்த பெண்

வண்டியூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் சுகமாக இருப்பாய் என்று மீனாட்சியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன், நீ போனை எடுத்தால்தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்த்தான் காகிதத்தை எடுத்தேன், பக்கத்து வீட்டு அஸ்வினி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். கோபத்தில் படிக்காமல் விட்டுவிடாதே. என் இடுப்பு இப்போது தேவலை, கம்பு இல்லாமல் தெப்பக்குளத்தில் பாதிச் சுற்று நடந்துவிடுகிறேன். அப்பாவுக்கு வழக்கம்போலக் காளவாசல் பெயின்ட் கடையே கதி.

வெள்ளிக்கிழமை நடந்ததை முழுக்கச் சொல்ல நீ விடவில்லை. முத்துமீனா என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து, உன் புதுக் கம்பெனிக்காக விலாசம் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னது. எனக்கோ பெண் வீட்டார் விசாரிக்க வந்த மாதிரி ஆகிவிட்டது. உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அது கேட்டதெல்லாம் வீடு சொந்தமா, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான்தான் உன் புராணத்தை ஆரம்பித்தேன், பையனுக்குக் குடி சிகரெட் கிடையாது, எனக்கு இடுப்பெலும்பு உடைந்தபோது பார்த்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து எட்டு மாதம் சமைத்துப் போட்டுத் தலைகூடப் பின்னிவிட்டான், எந்த மகன் செய்வான் என்று. போனில் தட்டிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு, எந்த எட்டு மாசம்மா என்றது. தையிலிருந்து ஆவணி வரை என்று பெருமையாகச் சொன்னேன். அந்த மாதங்களிலும் பழைய கம்பெனியில் இருந்ததாக நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று எனக்கு என்ன தெரியும். சாயங்காலம் ஆசையாய் உனக்குச் சொன்னால், என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா என்று போனை வைத்துவிட்டாய்.

மறுநாள் அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன நம்பரில் கூப்பிட்டு, நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடு தாயி என்று கெஞ்சினேன். அது எப்படிம்மா, என் வேலை போயிருமே என்றது, அதுவும் நியாயம்தான். ஆனால் நல்ல பிள்ளை, எடுத்துச் சொன்னது. அம்மாவைப் பாக்க வீட்டுல இருந்ததை யாரும் பெருசா எடுக்க மாட்டாங்க, தேதி ஒத்துப்போகலைன்னாத்தான் ஆளை நம்ப யோசிப்பாங்க, ரிப்போர்ட் திங்கக்கிழமை சாயங்காலம்தான் போகும், அதுக்கு முன்னால அவரே ஒரு மெயில் போட்டுட்டா நல்லதும்மா என்றது. வேலை கிடைத்துவிடும் என்று உறுதி சொல்லவில்லை, நீ சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்றுதான் சொன்னது. உன் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். கடைக்கு ஆள் எடுத்தபோது ரெண்டு பேரு பத்து வருச அனுபவம்னு அளந்தாய்ங்க, ஒருத்தன் மட்டும் கலரை மாத்திக் கலந்துட்டேன், பழைய கடையில வெரட்டிட்டாங்கன்னு சொன்னான், அவனைத்தான் வச்சேன் என்றார். இன்று கடைச் சாவியை வைத்திருக்கும் செல்வக்குமார்தான் அது.

நீ கம்பெனியிடம் பொய் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை தம்பி. அந்த எட்டு மாதத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. நீ எழுப்பி நிற்க வைக்காவிட்டால் நான் இன்னும் கட்டிலில்தான் கிடந்திருப்பேன். இதைவிடப் பெரிய வேலை நீ எந்தக் கம்பெனியில் பார்த்தாய்.

நாளைக் காலையிலேயே மெயில் அனுப்பிவிடு. தப்பாக எழுதிவிட்டேன், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்தேன் என்று எழுது, சுற்றி வளைக்காதே. இந்த வேலை அமையும் என்று என் மனது சொல்கிறது, அமையாவிட்டாலும் அடுத்ததற்குத் தலை நிமிர்ந்து போகலாம். மீனாட்சி உன்னைக் கைவிட மாட்டாள், நல்லா இருப்பாய் ராசா. வேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, அந்த எட்டு மாதம் எப்படி வேலை பார்த்தாய், யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டால், என் நம்பரைக் கொடு.

உன் அம்மா
தாமரைச்செல்வி